ஆறாத சாம்பல்

சகோதரிகளே, இதை எழுதக் கை கூசுகிறது. அடுப்புச் சாம்பலை ஆறவைத்து, தண்ணீர் தெளித்த பிறகே தெருத் தொட்டியில் கொட்டவேண்டும் என்பது கார்ப்பரேஷன் விதி. காசிமேட்டில் எங்கள் தெருவுக்கும் அதுதான். தெரிந்திருந்தும், சென்ற மாதம் ஒரு காலை, குப்பை வண்டி போய்விடுமே என்ற அவசரத்தில் கரியடுப்பை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

சற்று நேரத்தில் ஒரே கூச்சல். தொட்டியில் கிடந்த ஓலைக்கூடை பற்றிக்கொண்டு, அருகில் எதிர்வீட்டு அஞ்சலை உலர்த்தியிருந்த நூல் வலைக்குத் தீ தாவியிருந்தது. மணலை வாரிப் போட்டு அணைப்பதற்குள் பாதி வலை போய்விட்டது.

அஞ்சலை குப்பை வண்டிக்காரர்மேல் பாய்ந்தாள். "உன் பீடிதான்யா! என் வூட்டுக்காரரு இனிமே இன்னாத்த எடுத்துகினு கடலுக்குப் போவாரு?"

"நான் பீடியே புடிக்கிறதில்லம்மா" என்றார் அவர். யாரும் நம்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

மாலையில் அஞ்சலையிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"வலை கெடக்கட்டும்க்கா. அந்த ஆள நான் கண்டபடி ஏசிக்கினு இருந்தப்போ, நீயும் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தே?" என்றாள்.

மறுநாள் தெருவார் முன்னிலையில் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றார், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கையை விட்டுப் பார்த்த பிறகே கொட்டுகிறேன். நான் கொட்டியதும் வண்டிக்காரர் தன் கையையும் ஒருமுறை அதில் வைத்துப் பார்க்கிறார்.