கூடத்து மூலையில் ஒரு செருமல்

நேற்றுப் பகல் பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. நான் கூடத்துத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. கீரை பாதி முடிந்தபோது கரண்ட் திரும்பி வந்தது. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது, ஃபிரிட்ஜ் முனகியது, பிறகு மூலையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நீளமாக, ஒரே ஒரு தடவை.

அந்த மூலையில் இருப்பது என் வீட்டுக்காரருடைய பழைய ஆம்ப்ளிபயர், ரேடியோவும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிற பெட்டி. அதன் வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அதன் தலைமேலேயே வைத்து ஒரு வருஷம் ஆகிறது.

நான் எளிதில் பயப்படுகிறவள் இல்லை. மேலே பல்லி விழுந்தால் பலன் கேட்பதற்கு முன்னால், பாவம் அதற்கு அடிபட்டதா என்று பார்ப்பேன். ஆனாலும் கையிலிருந்த கீரை கீழே விழுந்துவிட்டது. பயத்தால் இல்லை. அது யார் என்று யோசித்ததால்.

உங்களுக்கு இது விளங்க வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டியில் தொடங்க வேண்டும். எங்கள் தெருமுனையில் கோவிந்து வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிறார். மழை விட்ட மறுநாள் அவர் பெட்டியில் கரியைப் போட்டுச் சூடு ஏற்றும்போது, தூசியும் இரும்பும் சேர்ந்து காய்கிற ஒரு வாசனை தெருவில் வரும். என் வீட்டுக்காரர் பாட்டுக் கேட்கப் போகிறார் என்றால் எங்கள் கூடத்தில் அதே வாசனை வரும். இப்போதுகூட அந்த வாசனை அடித்தால், பாட்டு எப்போது வரும் என்று என் காது தானாகக் காத்திருக்கிறது.

அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்குக் காரைக்காலில் அதுதான் பேர். மற்ற சொல்தாக்கள் ஊருக்கு வரும்போது சென்ட்டும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவர் அரிசி மூட்டைக் கனத்தில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். புருஷனைப் பார்த்து மூன்று வருஷம் ஆயிற்றே என்று பூ வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். மனிதர் வண்டியை விட்டு இறங்கியதும், "மெதுவா, மெதுவா, உள்ள கண்ணாடி இருக்கு" என்று வண்டிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நானும் கண்ணாடி வளையல்தான் போட்டிருந்தேன். அதைக் கேட்க ஆளில்லை. மூன்று நாள் நான் அந்தப் பெட்டியோடு பேசவில்லை.

பெட்டியின் முதுகுத் தட்டைக் கழற்றினால் உள்ளே ஐந்து கண்ணாடிக் குழல்கள் நிற்கும். வால்வு என்பார். சுவிட்சைப் போட்டவுடன் பாட்டு வந்துவிடாது. குழல்களுக்குள் மெல்லக் கனல் ஏறி, தூசி வாசனை வந்து, ஒரு வெற்றிலை போடுகிற நேரம் கழித்துத்தான் பாட்டு வரும். அதற்குள் ஏதாவது கோளாறு என்றால் அவரே திறந்து பார்ப்பார். பார்க்கும்போது வலது கை மட்டும்தான் உள்ளே போகும். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்.

"என்ன, கலெக்டரு மாதிரி கையப் பின்னால கட்டிக்கிட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியா போவும்டி. ஒத்தக் கைன்னா பொழச்சுக்கலாம்."

"அப்ப அந்த இன்னொரு கை வீட்டு வேலைக்குச் சும்மாதான இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. பெட்டி திறந்திருக்கும்போது சிரிக்க மாட்டார்.

செருமலுக்கு வருகிறேன். அந்த நாளில் இந்த ஊர் ஆண்கள் எந்த வீட்டு வாசலில் வந்தாலும், தன் வீடாகவே இருந்தாலும், செருமிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்கள். உள்ளே பெண்கள் தலை காய வைத்துக்கொண்டிருப்பார்களோ, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பார்களோ, அதற்கொரு மரியாதை. பெல் எல்லாம் கிடையாது, தொண்டைதான் பெல். ஆளுக்கு ஒரு செருமல். அடுப்படியில் இருந்தபடியே வந்தது கொழுந்தனா பால்காரரா என்று சொல்லிவிடுவேன். நான் மூன்றாவது வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். செருமல் மட்டும் சரளமாக வாசிப்பேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு செருமல், சின்னதாக: க்கும், க்கும்.

ஒரு ஆடி மாதம் அவர் போய்ச் சேர்ந்தார்.

துக்க வருஷம் என்பதால் அந்த ஆயுதபூஜை வீட்டில் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் பெட்டியின் முதுகைத் திறந்து தூசி தட்டி மூடினேன். இரண்டு நாள் தூறல். மூன்றாம் நாள் மத்தியானம் ஏதோ ஒரு ஆசையில் சுவிட்சைப் போட்டேன். கனல் ஏறியது, வாசனை வந்தது. பாட்டு வருவதற்குச் சற்று முன்னால் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து, க்கும், க்கும்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அத்தனை வருஷப் பழக்கம். முந்தானையைச் சரிசெய்த பிறகுதான் உடம்பு சிலிர்த்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கோடையில் கேட்டும் கேட்காமலும் இருக்கும், மழை வந்தால் கனத்துவிடும். அவருக்கும் மழைக்காலத்தில் சளி பிடிக்கும். குரும்பகரத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள் ஒருநாள் வந்திருந்தபோது அதைக் கேட்டுக் காபி டம்ளரைக் கீழே போட்டாள்.

"அம்மா, இத மொதல்ல பழைய சாமான் கடையில போடு. அப்பா போயிட்டாரு."

"போயிட்டாருதான். பாட்டுக் கேக்க மட்டும் வந்துட்டுப் போறாரு. சோறு கேக்குறாரா, சட்டைய எங்கன்னு கேக்குறாரா? இப்பதான்டி நல்ல புருஷன்."

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தால் கூடத்தில் உட்கார மாட்டாள், அடுப்படியிலேயே பேசிவிட்டுப் போய்விடுவாள்.

இப்படி நாலைந்து மழைக்காலம் போனது. அடுத்த கார்த்திகையில் பெட்டி இரண்டு செருமல் செருமி, பிறகு நீளமாக ஒரு முனகல் முனகி, கருகல் வாசனையோடு அடங்கிவிட்டது. அவர் இரண்டாம் தடவை போனது போல இருந்தது எனக்கு. இந்தத் தடவை கிடத்திப் போட்டு அழக்கூட ஆள் சேர்க்க முடியாது.

சரி, ரிப்பேருக்குக் கொடுக்கலாம். யாரிடம் கொடுப்பது? பாட்டுப் போனால் எனக்குப் பரவாயில்லை. அந்த இரண்டு செருமலை யாரும் துடைத்துவிடக் கூடாது. இதை எந்தக் கடையில் போய் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஆட்டோவில் ஏற்றி ஒரு ரேடியோ கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முதுகுத் தட்டைக் கழற்றினார். மீன் சட்டியைப் பூனை பார்க்கிற மாதிரி அந்த வால்வுகளைப் பார்த்தார்.

"உட்டுட்டுப் போங்க பாட்டி. ரெண்டு வாரம் ஆவும். எரைச்சல், கரகரப்பு எல்லாத்தயும் சுத்தமா எடுத்துடலாம்."

"எதெத எடுப்பீங்க?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது பாட்டி."

எனக்குப் புரிந்துவிட்டது. அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன்.

அடுத்து திருநள்ளாற்றிலிருந்து ஒருவர் வந்தார். மைக் செட் வேலை செய்கிறவர். செருமாமல் உள்ளே வந்தார், அப்போதே எனக்குச் சந்தேகம். திறந்தவுடன் இரண்டு கையையும் உள்ளே விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பின்னால் தூக்கி எறியப்பட்டு, அரிசி மூட்டைமேல் போய் உட்கார்ந்தார். பிளக் பிடுங்கியிருந்தது. பிடுங்கின பெட்டி அடித்தது.

"அம்மா, இதுல என்னமோ இருக்கு. சனிக்கெழம நளதீர்த்தத்துல குளிச்சிட்டு எள்ளு தீபம் போடுங்க."

"பொட்டியவும் கூடச் சேத்து முக்கணுமா தம்பி?"

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கோவிந்துதான் வழி சொன்னார். "யூசுப் பாய்ன்னு ஒருத்தரு இருக்காருங்க. கப்பல்ல வயர்லெஸ் வேலை பாத்தவரு. கடை கெடையாது, போர்டு கெடையாது. வீட்டுக்கே வருவாரு. சாமான எடுத்துட்டுப் போவமாட்டாரு."

மறுநாள் காலை வாசல் கேட்டில் ஒரு செருமல் கேட்டது. ஒன்றே ஒன்று, நீளமாக, கிணற்றில் வாளி இறக்குவது போல. வெள்ளைக் கைலி, தொப்பி, அறுபத்தைந்து வயதிருக்கும். நான் "வாங்க பாய்" என்று சொல்லும்வரை படியில் காலை வைக்கவில்லை.

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஓரிடத்தில் திருப்புளியை வைத்தார். பட்டென்று ஒரு பொறி.

"பிளக்கப் புடுங்குனாலும் கண்டன்சர்ல கரண்டு ஒக்காந்துருக்கும்மா. அத அனுப்பிட்டுத்தான் கைய வைக்கணும்."

பிறகு இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் வேலையைத் தொடங்கினார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது. செருமலைப் பற்றிச் சொன்னேன், அது போய்விடக் கூடாது என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வால்வாகப் பிடுங்கி, அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரும்மா இதுக்குக் காலடியில குங்குமம் வச்சது?"

நான் தூசி தட்டினேன் என்று சொன்னேன் அல்லவா? அது பாதிதான். பதினாறாம் நாள் என் நெற்றியைத் துடைத்துவிட்டார்கள். குங்குமச் சிமிழை மட்டும் நான் அரிசிப் பானையில் ஒளித்து வைத்தேன். ஆயுதபூஜை அன்று அதை எடுத்து, தண்ணீரில் குழைத்து, ஐந்து வால்வுக்கும் அவை உட்கார்ந்திருக்கும் குழியில், காலடியில் வைத்தேன். சிமிழ் காலியாகும்வரை வைத்தேன். இனி எனக்குத் தேவையில்லை. அவருடைய பெட்டிக்காவது இருக்கட்டும்.

இதை யூசுப் பாயிடம் சொன்னபோது அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"கடல் காத்துல குங்குமம் ஈரம் வாங்கிக்கும்மா. வால்வு சூடாவும்போது அந்த ஈரம் பொரியும். ஸ்பீக்கர்ல அது செருமலாக் கேக்கும்."

"அப்ப அது அவரு இல்லையா?"

"அத நான் சொல்ல முடியாதும்மா. மீட்டர் காட்டுறதுதான் எனக்குத் தெரியும்."

"கழுவிட்டா?"

"செருமல் போயிடும்."

"கழுவலன்னா?"

"ஒருதரம் கருகியாச்சு. அடுத்த மழையில தீப்புடிக்கலாம். பக்கத்துல கூர வீடு." தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அவசரமில்ல. மத்தியான லுஹர் தொழுதுட்டு வர்றேன். நீங்க யோசிச்சு வைங்க."

அவர் போன பிறகு நான் திறந்த பெட்டியிடம் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நானே ஒருமுறை செருமிப் பார்த்தேன். துணிமேல் வரிசையாகப் படுத்திருந்த ஐந்து கண்ணாடியும் என்னையே பார்த்தன. பக்கத்துக் கூரை வீட்டில் பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

யூசுப் பாய் திரும்பி வந்து கேட்டில் செருமினார். "கழுவிடுங்க பாய்" என்றேன்.

ஐந்து குழியையும் பஞ்சால் துடைத்து, சுரண்டி எடுத்தார். கருகிய சாமானை மாற்றினார். வேலை முடிந்ததும் கருகினதையும் அந்தச் சிவப்புத் துகளையும் தனித்தனியாகத் தாளில் மடித்து என் கையில் கொடுத்தார்.

"ஒரு வீட்ல கழட்டுன எதயும் நான் எடுத்துட்டுப் போறதில்லம்மா. இது உங்களோடது."

சுவிட்சைப் போட்டோம். கனல் ஏறியது. வாசனை வந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். நேராகப் பாட்டு வந்துவிட்டது.

"சரியா இருக்காம்மா?"

"பாட்டு சரியா இருக்கு பாய்."

அவர் தலை குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால், நான் கூப்பிடாமலே, கேட்டில் அந்த ஒற்றைச் செருமல் கேட்கும். திறப்பார், பார்ப்பார், மூடுவார். டீ மட்டும் குடிப்பார். போன வருஷம் மழைக்கு முன்னால் அவர் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பெட்டியின் வயரைச் சுருட்டி வைத்தேன். நம்பித் திறக்க இனி ஆளில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் செருமுவதில்லை. பார்சல் கொண்டுவருகிறவர் கேட்டில் நின்றுகொண்டே போன் செய்து, "எங்க இருக்கீங்க?" என்கிறார். மகள் தன்னிடம் இருக்கும் சாவியால் திறந்துகொண்டு வருகிறாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும்போது அவர்கள் ஏற்கனவே உள்ளே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் நேற்றுக் கீரை கையிலிருந்து விழுந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வயர் சுருட்டியபடியே இருந்தது, ரப்பர் பேண்டும் அப்படியே. குங்குமம் மடித்த தாள் அலமாரியில் இருந்தது. அது என் வீட்டுக்காரருடைய செருமல் இல்லை. அவருக்கு இரண்டு. இது ஒன்று, நீளமாக. வெளியே வானம் மூட்டமாகத்தான் இருந்தது. மழைக்கு முன்னால் பாய் வந்து பெட்டியைப் பார்க்கிற நேரம்தான்.

முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க பாய், கதவு தொறந்துதான் இருக்கு" என்றேன். மூலையில் ஒரு மணையை எடுத்துப் போட்டுவிட்டு டீக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். செருமிவிட்டு நிற்கிற மனிதரை வெளியே நிறுத்தி வைக்கக் கூடாது. இந்த ஊரில் அப்படி வருகிறவர்கள் இனிமேல் போய்ச் சேர்ந்தவர்களின் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.