இனிஷியல் இல்லாத அட்டை

அக்காவின் அட்டையில் புகைப்படம் இருந்தது. பேர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. குற்றாலத்து லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்து தரும் எங்கள் தென்காசி ஆபீசில் எல்லோருக்கும் புது அடையாள அட்டை வந்த நாள் அது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எங்கே எது தப்பினாலும் என் வேலைதான் போகும் என்று நினைத்துக்கொள்வேன். அன்றும் முதலில் என் பேர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பிறகுதான் பக்கத்து நாற்காலி அக்காவுடையதை.

அக்கா இனிஷியல் போடமாட்டாள். அவள் அம்மாவை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவர் அவள் அப்பா. அந்த ஆளின் எழுத்தைச் சுமக்கமாட்டேன் என்று அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுவாள். இனிஷியலையும் பேரையும் ஒட்டுகிற கம்ப்யூட்டர் கட்டளையை எழுதியவர் மேனேஜர். காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் ‘நல்’, அதாவது ஒன்றுமே இல்லை, என்று வைத்துக்கொள்ளும். அதோடு எதை ஒட்டினாலும் மொத்தமும் ‘நல்’ ஆகிவிடும். அப்படித்தான் அவள் பேரும் சேர்ந்து போனது.

மேனேஜர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். “அப்பன் இல்லன்னா ஆளே இல்லன்னு மிஷினுக்கே தெரியுது, பாத்தியளா.” எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவள் ‘நல்லக்கா’. டீ கொண்டுவருகிறவர் அதை மரியாதை என்று நினைத்து அப்படியே கூப்பிட்டார்.

வருகைப் பதிவுக்கும் அதே கட்டளைதான். பேர் வராததால் அவள் வந்த நாளெல்லாம் வராத நாளாயின. அம்மாவின் எழுத்தைப் போடட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டாள். “தகப்பன் பேருன்னுல்லா போட்டிருக்கு. அங்கன ஒங்கம்மைக்கு என்ன வேல?” என்றார். வேலையே போகும் என்றான பிறகு அப்பாவின் எழுத்தை, ‘கா’ என்று அவளே தட்டினாள். பேர் வந்துவிட்டது; அட்டையும் மறுபடி அடித்து வந்தது.

சாரல் தொடங்கிய சமயம் முதலாளியின் மருமகன் வடக்கேயிருந்து வந்து சேர்ந்தார். அவர்கள் பக்கம் இனிஷியலே கிடையாது. மேனேஜர் கட்டளையில் ‘கோயலெஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். ‘நல்’ வந்தால் வெறுமையாக எடுத்துக்கொள், பேரை விழுங்காதே என்று அர்த்தம். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இன்று அந்தக் கட்டளைகளை நான்தான் எழுதுகிறேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரி அந்தச் சொல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அன்று அக்கா எழுந்து மேனேஜரிடம் போய், இனி தன் எழுத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

“இருந்துட்டுப் போவட்டும்ட்டி. ஒனக்கு அதான் எடுப்பா இருக்கு.”

திரும்பி வந்தவள் அட்டையைக் கழற்றி மடியில் வைத்து, ஊக்கால் ‘கா’வைச் சுரண்டினாள். பிளாஸ்டிக் உரிந்தபோது பேரின் முதல் எழுத்தும் அதோடு வந்துவிட்டது. மிச்சத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த பதிவைத் தட்டத் தொடங்கினாள்.