ஐஸுக்குள் போன பதினான்கு அட்டைகள்

எங்கள் அணியின் மனேஜர் முத்தலிப் நானாவுக்குச் சந்தேகம் பீடி மாதிரி. ஒன்று அணையுமுன் அடுத்ததைப் பற்றவைப்பார். மாதச் சம்பளம் கொடுக்கும் புதிய கால்பந்து லீக் ஒன்று கிண்ணியாவுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பழைய லீக்கில் கிடைப்பது ஒரு கோப்பை. இருபது வருடமாக அணியைக் கட்டிக் காத்தும் அந்தக் கோப்பையை அவர் தொட்டதில்லை. இம்முறைதான் இறுதியாட்டம் வரை வந்திருந்தோம். அதற்குள் நாங்கள் புதிய லீக்குக்கு ஓடிவிடுவோம் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

கெப்டன் பஹ்மி புதுச் சப்பாத்துப் போட்டால், "ஆர்ரா வாங்கித் தந்த?" நான் போனில் சிரித்தால், "ஆரோடடா கதை?" எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

புதிய லீக்கில் சேரவும் பழைய லீக்கின் ஆட்டக்காரர் அட்டை வேண்டும். எங்கள் பதினான்கு அட்டைகளும் நானாவிடம் இருந்தன. முதலில் அலுமாரியில் பூட்டினார். தன் மனைவி ரபீக்கா பஹ்மிக்குச் சொந்தக்காரி, சாவியைக் கொடுத்துவிடுவாள் என்பது பிறகுதான் உறைத்தது. உடனே தான் வேலைசெய்யும் ஐஸ் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், தண்ணீர் நிரப்பி உறையவைக்கும் தகரப் பெட்டிகளில் வெறுமையாகக் கிடந்த ஒன்றுக்குள், பொலித்தீனில் சுற்றி ஒளித்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த முறை வேலைக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டியிலும் தண்ணீர் நிரப்பி உறையவைத்துவிட்டார்கள்.

அட்டையைக் காட்டினால்தான் ஆடவிடுவார்கள். இறுதியாட்டத்துக்கு நானா ஓட்டோவில் வந்து இறங்கினார், சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடு. "அட்டை உள்ளுக்க இருக்கு சேர், பாருங்க!"

மத்தியஸ்தர் குனிந்து பார்த்தார். "முகம் தெரியல்லையே. கையில தாங்க. கால்மணித்தியாலம் தாறன்."

ஐஸை உடைக்க பஹ்மி இரும்பு அலவாங்கைத் தூக்கினான். நானா ஐஸின் மேல் குப்புற விழுந்தார். "ஐஸ உடைச்சு அட்டைய எடுத்துக்கொண்டு அங்கால ஓடப் பாக்கிறியா? விடமாட்டன்!"

"யா அல்லாஹ், எழும்புங்க நானா! நேரம் போகுது!" பஹ்மி கத்தினான்.

எழும்பினால்தானே. கால்மணித்தியாலம் முடிந்து மத்தியஸ்தர் விசில் ஊதினார். ஆடாமலே எதிரணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

பஹ்மி அலவாங்கைக் கீழே போட்டான். "சத்தியமாச் சொல்றன், ஒருத்தரும் போற எண்ணத்தில இருக்கல்ல. இனிப் போறம்."

பின்னேர வெயிலில் ஐஸ் கரைந்தது. அட்டைகள் வெளியே வர வர, ஒவ்வொருவனாக எடுத்துக்கொண்டு நடந்தான். கடைசியாக நான் குனிந்தேன். நானா என் அட்டையைத் தன் இடுப்புச் சாரத்தில் துடைத்துத் தானே நீட்டினார். எங்கே போகிறாய் என்று அன்று அவர் கேட்கவில்லை.