சீரியல் பல்புக்குப் போட்ட ஓட்டை

மலேசியாவில் கோலா சாவா பக்கம், பழைய ரப்பர் எஸ்டேட் நிலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு பாய்லர் செய்து கொடுப்பார்கள். வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று பார்க்க, தடித்த கான்கிரீட் அறைக்குள் குழாயை வைத்து ஐரிடியம் கதிரால் எக்ஸ்ரே மாதிரி படம் எடுப்போம். அந்தக் கதிர் வெளியே கசியாமல் பார்ப்பது என் வேலை. வேலைக்குப் போன முதல் நாளே சிக்கல்.

படம் எடுக்கும்போது, கதிரை அளக்கும் சர்வே மீட்டரோடு சுவரைச் சுற்றி வந்தேன். நெஞ்சு உயரத்தில் ஒன்றுமில்லை. பின்பக்கம் சுவரை ஒட்டி முனியாண்டி சாமி மேடை. அங்கே குனிந்ததும் மீட்டர் கத்தியது. படம் எடுப்பதை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். சுவரிலோ ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் மாணிக்கம் தலையைச் சொறிந்தார். “ஆயுத பூசைக்கு சாமிக்கு சீரியல் பல்பு போட உள்ளேருந்து வயர் இழுத்தோம் சார். முடிஞ்சதும் சுவத்துக்குப் பூசுற புட்டி வச்சி அடைச்சி, பெயிண்டும் அடிச்சாச்சி லா. வெளிச்சம்கூட வராது.”

எனக்கு வந்ததே கோபம்! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நேராகத் துளைத்த ஓட்டை. புட்டியெல்லாம் ஐரிடியத்துக்கு ஒரு தடையா?

“இங்க யாரு உக்காருவா?”

பெயிண்ட் அடிக்கும் லெட்சுமி முன்னால் வந்தாள். “நான்தான் சார். இங்கதான் நெழலு. டீ குடிக்க, சாமிக்குப் பூ கட்ட இங்கதான் உக்காருவேன்.” வயிற்றில் ஐந்து மாதம்.

முதலாளிக்கு அவசரம். “லோரி நிக்கிது. அந்தப் பிள்ளைய அந்தாண்ட போகச் சொல்லிட்டு, இருக்கிறத முடிச்சிடுங்க லா.”

படக்கருவியின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். “வேணும்னா என்னை வேலைய விட்டு நிப்பாட்டுங்க. ஓட்டைய ஒழுங்கா அடைச்சி நான் அளக்காம சாவி வராது.”

லோரி காலியாகத் திரும்பியது. ஈயமும் கான்கிரீட்டும் வைத்து அடைத்தோம். கதிர்ப் பாதுகாப்பு மேலிடத்துக்குத் தகவல் போனது. லெட்சுமி மேல் எவ்வளவு பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள். சில நாளில் முடிவு வந்தது. மிகச் சின்ன அளவு, பயப்பட வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார். ஓடிப்போய் லெட்சுமியிடம் சொன்னேன்.

“சின்னதுன்னா, ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா சார்?” என்றாள். அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மீண்டும் ஒருமுறை அளந்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: நின்றபடி அளக்காதீர்கள். ஆட்கள் உட்காரும் இடத்தில் நீங்களும் உட்கார்ந்து அளந்து பாருங்கள்.

பெண் குழந்தை. லெட்சுமி போட்டோ அனுப்பினாள். பெரிதாக்கி, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். அவளும் எண்ணியிருப்பாள்.