அய்யாவின் வெண்கலக் கும்பா

அய்யாவின் வெண்கலக் கும்பா இப்போது இராமநாதபுரத்தில் என் வீட்டுச் சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். அந்த இடத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் அய்யா, அதாவது என் அப்பா, கூழ் குடிப்பார். அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். "அரைக் கும்பா வைக்கிறது வேலைய விட்டு நிப்பாட்டுன ஆளுக்குத்தான்" என்பார். கமுதிப் பக்கம் மிளகாய்க் கொல்லையில் விடியலிலிருந்து குனிந்து நிமிரும் மனிதருக்கு அது வெறும் வீறாப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கும்பா நிறைவதைப் பார்த்தாலே நான் பயந்த காலம் ஒன்று இருந்தது.

அப்போது கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தேன். பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறி, பேறுகாலத்துக்குப் பிறகு இறங்கியிருந்தது. "பின்னால் திரும்ப வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டரம்மா சொன்ன வார்த்தை என்னோடேயே வந்து சேர்ந்தது. விரலில் குத்திப் பார்க்கும் மெஷினைத் துணிப்பையிலிருந்து எடுக்காத நாளில்லை. எனக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அய்யாவைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மத்தியானம் கொல்லையிலிருந்து வந்தவர் நடந்த சிமெண்டுத் தரையில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. "யாருக்குடி ரத்தம்?" என்று எங்களைத்தான் கேட்டார். வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் கருவேல முள் ஒடிந்து உள்ளே நின்றிருந்தது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் போனதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

புண் ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரல் போகும், அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் பாதமே போகலாம் என்று இராமநாதபுரத்து டாக்டர் சொன்னார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அய்யா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "அரிசிச் சோத்தத் தொட்டு மாசக்கணக்காச்சுங்க. கேப்பக் கூழுதான். சீனி எங்க வீட்டு நடையேறாது." டாக்டர் பரிசோதனைத் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அய்யா, கமுதி நெருங்கும்போது, "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாரு தாயி" என்றார். விரல் போகும் என்றதைவிட அதுதான் அவரை அறுத்தது.

அவர் பொய் சொல்லவில்லை. மறுநாள் காலை அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்றேன். புளித்த கேப்பை மாவைக் கரைத்து ஊற்றுவதற்கு முன்னால், கொதிக்கும் தண்ணீரில் அம்மா கை கையாக எதையோ அள்ளிப் போட்டார். பார்த்தால் உடைந்த அரிசி.

"அம்மா, இது அரிசிதானே?"

"அரிசியா? நொய்யிடி! அவருக்கு அரிசி ஆகாதுன்னுதான், சல்லடையில சலிச்சு நொய்ய மட்டும் போடுறேன். இதுக்கே எம்புட்டு வேல தெரியுமா!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் நொய்யை யாரும் அரிசிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோழிக்குப் போடுவார்கள், கூழுக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். கூழ் உடம்புக்கு நல்லது என்று அய்யா ஒன்றுக்கு இரண்டு கும்பாவாகக் குடித்துக்கொண்டிருந்தார். கேப்பையும் மாவுச்சத்துதான், அளவு கூடினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்பதைச் சொன்னால் அம்மா நம்பவில்லை. போதாததற்கு மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டி சர்க்கரைக்காரர்களுக்கு மருந்து என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வேறெதுவும் சாப்பிடாமல் கருப்பட்டிக் காப்பி மட்டும் குடிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்த்தேன். எண் தாவி ஏறியிருந்தது. அய்யா மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வெளிநாட்டுச் சாமான்ல. அதுக்குக் கருப்பட்டியும் சீனியும் வித்தியாசம் தெரியுமாக்கும்?"

"ஒங்க ரத்தத்துக்கே தெரியலய்யா."

"அப்ப சீனிக் காப்பியே குடிச்சிருக்கலாம். கருப்பட்டி வெல என்ன விக்கிது!"

அன்றே நொய்யை நிறுத்தினேன், கருப்பட்டியை நிறுத்தினேன், கூழைப் பாதியாக்கினேன். அரைக் கும்பா முன்னால் வந்தபோது அய்யா என்னை ஒரு பார்வை பார்த்தார். குடித்துவிட்டு எழுந்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். களத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைய வேர்த்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. இடுப்பில் குழந்தையோடு ஓடிப்போய் விரலில் குத்தினேன். எண் கீழே, மிகக் கீழே கிடந்தது. சீனி நடையேறாத வீட்டில் சீனிக்கு எங்கே போவது? அம்மா கருப்பட்டியை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார். நான்தான் வாயில் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, என் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். "நேத்து வெசம்னே. இன்னைக்கு நீயே ஊத்துறியே ஆத்தா."

சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரையையும் பார்க்க வேண்டும், சொல்லாமல் குறைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சோறு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்துதான் ஒரு தராசு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம். அவர் களத்துக்குப் போனால் பின்னாலேயே போன் அடிப்பேன். "ஏன்டி, இன்னும் உசுரோடதான் இருக்கேன்" என்று எடுத்ததும் சொல்வார்.

அரைக் கும்பாவை மட்டும் மறுபடி அவர் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நொய் இல்லாத கூழ் அடியில் கொஞ்சம், அதன் மேல் மோர், மேலே முருங்கைக்கீரையோ, கொத்தவரங்காய் என்கிற சீனியவரைக்காயோ விளிம்பு வரை. கடற்கரையிலிருந்து மொபெட்டில் மீன்காரர் வந்த நாளில் சாளைக் குழம்பும் உண்டு. "சீனியவரையா? பேருலயே சீனி இருக்கே, பாத்தியா?" என்று சாப்பிடும்போதெல்லாம் என்னைச் சீண்டுவார். அம்மா விடமாட்டார்: "கும்பா நெறஞ்சிருச்சு. ஒங்கய்யா மூஞ்சிதான் நெறைய மாட்டேங்குது."

சாயங்காலம் அவர் பாதங்களை என் மடியில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலிடுக்கெல்லாம் பார்ப்பேன். மகள் காலைத் தொடுகிறாளே என்று அவருக்குக் கூச்சம். "என்ன தாயி, தெனமும் ஆசீர்வாதம் வாங்குற?" என்பார். குழந்தை பக்கத்தில் தவழ்ந்து வந்து அந்தக் கட்டைவிரலைப் பிடித்து இழுக்கும். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்த இடம் மெல்ல ஆறியது. பாதம் தப்பியது. போன வருடம் மாரடைப்பில் போனார், இரண்டு காலோடும்தான் போனார். இன்னும் முன்னாலேயே அந்த நொய்யைப் பார்த்திருந்தால் விரலும் இருந்திருக்குமோ, அந்த அரைக் கும்பா நாட்களில் அவர் எவ்வளவு பசித்திருப்பாரோ என்று நினைத்துப் பார்க்கிறேன்.

போன வாரம் என் சர்க்கரைப் பரிசோதனை முடிவு வந்தது. விளிம்பில் நிற்கிறதாம். அன்று என் தட்டை ஒதுக்கிவிட்டு அந்தக் கும்பாவை எடுத்தேன். அடியில் ஒரு கரண்டி சோறு, மேலே கீரை. சோறு கூடிப்போயிற்றோ என்று கொஞ்சம் எடுத்தேன். குறைந்துபோயிற்றோ என்று திரும்பப் போட்டேன். நசுங்கிய இடத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அய்யாவின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்த மகள் வந்து என் காலருகில் குந்தினாள். என் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலிடுக்கெல்லாம் பார்த்தாள்.

"முள்ளு இல்லம்மா" என்றாள். "சாப்புடு."