பழனிக்கு நடந்த முட்டி

தைப்பூசத்துக்கு பாலக்காட்டுப் பக்கம் எங்க எலப்புள்ளியில இருந்து பழனிக்கு நடந்து போய்ட்டு வந்த பொறவுதான் என்ற வலது முட்டி நோக ஆரம்பிச்சுதுங்க. நடந்தா கால் வீங்கத்தான் செய்யும். எங்க காவடிக் கூட்டத்துல வீங்காத கால் எதுன்னு கேளுங்க! வேப்பெண்ணெய் தேய்ச்சு வெந்நி ஊத்துனா நாலு நாள்ல வத்திரும். எல்லாத்துக்கும் வத்துச்சு. எனக்கு மட்டும் வத்தல.

மாமியாருக்குக் காரணம் கெடைச்சிருச்சு. கடைசியில கொஞ்ச தூரம் முடியாம நான் ஒரு டெம்போவுல ஏறிட்டேன். "முருகனை ஏமாத்துனா சும்மா உடுவானா? வர்ற பூசத்துக்கு முழுசா நடக்கறேன்னு வேண்டிக்க"ன்னாங்க. நானும் மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வேண்டிக்கிட்டேன்.

எங்கூட்டுக்காரரு அவங்கம்மாவைப் பாத்துச் சிரிச்சாரு. பால் சொசைட்டிக்குப் போகவே வண்டிய எடுக்கற ஆளு அவரு. "நடந்து வந்த நோவுக்கு நடக்கறதுதான் மருந்தா? நல்லாருக்குதும்மா உன்ற வைத்தியம்"னாரு. அந்த லொள்ளுக்கு நான் ஒரு நாள் பூரா அவரோட பேசல. பேசாதது மட்டுமா, அவரு பாக்கோணும்னே தெனமும் காலையில வாய்க்கா மேட்டுல நடந்து பழகுனேன். வீம்பு!

மழைக்காலத்துல ஒரு நாள் மாட்டுச்சாளையில தண்ணி வாளியைத் தூக்குனேன். முட்டி அப்படியே மடங்கிருச்சு. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாங்க. முட்டிக்குக் கீழ, எலும்போட தலைமாட்டுல, கறுப்பா ஒரு பொந்து. உள்ள கட்டி இருக்குதாம். சுத்தியும் முட்டை ஓடாட்ட மெல்லிசா எலும்பு. "இதை வெச்சா நடந்தீங்க? இனி ஒரு அடி நடக்கக்கூடாது"ன்னு டாக்டரு மலையாளத்துல அதட்டுனாரு. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தா எலும்பு நொறுங்கியிருக்குமாம்.

அப்பறம் கோயமுத்தூரு. முட்டிக்கு எம்.ஆர்.ஐ ஸ்கேன், கட்டி பரவிருக்குதான்னு நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன். ஊசி உட்டுத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புனாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு ஒரே நெனப்புதான். காலை எடுத்துருவாங்களோ?

"எடுத்துட்டா என்னை என்னங்க பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"வண்டியில பின்னாடி உக்கார எதுக்கு புள்ள காலு?"ன்னாரு. சொல்லிப்போட்டு மூஞ்சி கழுவப் போனவரு வெகுநேரம் வரல.

ரிசல்ட் வந்துச்சு. ஜெயன்ட் செல் டியூமர்னாங்க. மைக்ராஸ்கோப்புல பாத்தா பெரிய பெரிய செல்லுகளாத் தெரியுமாம், அதனால அந்தப் பேரு. "கேன்சர் இல்லம்மா. ஆனா எலும்பைத் தின்னும், உட்டு வெக்கக்கூடாது. கால் இருக்கும், பயப்படாதீங்க"ன்னாரு கோயமுத்தூரு டாக்டரு. அப்பா! கட்டியைச் சுத்தமாச் சொரண்டி எடுத்துட்டு, அந்தப் பொந்துல எலும்புக்குன்னே இருக்கற சிமெண்டை அடைச்சாங்க. மறுபடி மொளைக்கலாம்னு இன்னும் அப்பப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறாங்க. இதுவரைக்கும் ஒண்ணுமில்ல.

பூசம் வந்தப்ப நான் குச்சி ஊணி ஊட்டுக்குள்ள நடந்துட்டிருந்தேன். வேண்டுதல் நிக்குதேன்னு மாமியாரு மொணமொணன்னாங்க. ஒரு நாள் காலையில பாத்தா, எங்கூட்டுக்காரரு பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு நிக்கறாரு. இடுப்புல என்ற மஞ்சத்துணி.

"நீங்களா? பழனிக்கா? நடந்தா?"

"நீ வேண்டுனா என்ன, நான் நடந்தா என்ன? முருகன் கணக்கா கேக்கப் போறான்?"னுட்டுக் கெளம்பிட்டாரு.

முழுசா நடந்தாருங்க. எந்த டெம்போவுலயும் ஏறலையாம். திரும்பறப்ப பஸ்ஸுல வந்து எறங்கி நொண்டி நொண்டி வந்தாரு. வலது முட்டி பணியாரமாட்ட வீங்கியிருந்துச்சு. மாமியாரு வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோட ஓடி வந்தாங்க.

"அந்த எண்ணெயை ஆராச்சும் தொட்டீங்கன்னா பாருங்க!"ன்னு கத்துனேன். மாலையைக் கூடக் கழட்ட உடல. ஆட்டோ புடிச்சு அதே பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டரு எக்ஸ்ரேயை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டுச் சிரிச்சாரு. ஒண்ணுமில்ல, நடந்த வீக்கம்தான்னாரு.

"பொந்து கிந்து இருக்குதா, நல்லாப் பாருங்க சார்."

"இல்லம்மா. நல்ல எலும்பு."

எனக்கு ரிசல்ட் வந்தப்பக் கூட நான் அழுகல. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல குச்சியை ஊணிக்கிட்டு ஓன்னு அழுதேன். போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க.

"ஏம்புள்ள, என்ற முட்டி நல்லாருக்குதுன்னா அழுகற?"ன்னாரு.

"ஆமா"ன்னேன்.