சித்தியின் கல்யாணமும் டி மூன்றும்

வரதட்சிணையால் நின்ற கல்யாணங்கள் உண்டு. பிரியாணியில் கறி கம்மி என்று நின்ற கல்யாணம்கூட எங்கள் ஆம்பூரில் உண்டு என்பார்கள். ஒரு வைட்டமினால் நிற்கப் பார்த்தது எங்கள் சித்தியின் கல்யாணம் மட்டும்தான்.

சித்தி, அம்மாவின் தங்கை. வேலூரில் நர்ஸ். தாத்தா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அப்பாதான். அப்பா தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். ஆட்டுத்தோலிலிருந்து ரோமத்தைப் பிரித்தெடுக்கும் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. அவர் தெருமுனை திரும்பும்போதே வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா சோப்பையும் துண்டையும் வாசலிலேயே நீட்டுவாள்.

அந்தச் சித்தி, கூட வேலை செய்யும் லேப் டெக்னீஷியன் ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். எங்கள் சபைக்காரர்தான், நல்ல குடும்பம்தான். ஒரே ஒரு சங்கதி, அவர் வீகன்.

“அப்டின்னா பிரியாணி சாப்பிட மாட்டானா?” என்றார் அப்பா.

“கறி, முட்டை, பால், தேன், எதுவுமே இல்ல மாமா. பட்டு கட்ட மாட்டாரு. தோல் செருப்பு போட மாட்டாரு.”

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “நீ படிச்ச படிப்பே தோலுதானே. அத இன்னா பண்ணுவானாம்?”

சித்தி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் அப்பா, “சரி, வரச் சொல்லு” என்றார். எனக்கு வேறு கவலை. சித்தி கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடை எடுத்துத் தருவதாக அம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பட்டு ஆகாத மாப்பிள்ளை வந்தால் என் பாவாடை என்ன ஆகும் என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வந்தவர்கள், ஜெபம் முடிந்ததும் கொடுப்பதைக் குடித்துவிட்டால் சம்மதம். குடிக்காமல் வைத்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. அதனால் சித்தி வேலூர் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து சோயா பால் டப்பாக்களாக வாங்கி வந்து அடுக்கினாள். அம்மா அதில் டீ போட்டுப் பழகினாள். முதல் நாள் திரிந்துபோனது, மறுநாளும் திரிந்துபோனது. ஒருவழியாக டீ மாதிரி ஒன்று வந்தபோது எனக்கு ஒரு வாய் கொடுத்தாள். பயறு ஊறிய தண்ணீரில் சர்க்கரை போட்டது போல இருந்தது.

மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். காலில் துணி ஷூ. அப்பா முதலில் பார்த்தது அதைத்தான். சபையில் மூப்பராக இருந்த பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், ஜெபத்தை ஆரம்பித்தார். பெரியப்பாவின் ஜெபம் முடிவதற்குள் சுடுசோறு பழஞ்சோறாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு சோயாவை விதைத்தவனுக்காகவும், அறுத்தவனுக்காகவும், டப்பாவில் அடைத்தவனுக்காகவும் ஜெபித்து, ‘இந்தப் பாலையும் ஆசீர்வதியும்’ என்று முடித்தார். எல்லாரும் ஆமென் சொன்னோம்.

மாட்டுப் பால் இல்லை என்பதற்குச் சாட்சியாக அம்மா டப்பாவையும் தட்டிலேயே வைத்திருந்தாள். வினை அங்கேதான் இருந்தது. கோப்பையை வாய்வரைக்கும் கொண்டுபோன மாப்பிள்ளை டப்பாவைப் பார்த்தார். எடுத்துத் திருப்பினார். படித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அடுக்களை வாசலில் நின்ற சித்தி கதவைப் பிடித்துக்கொண்டாள். என் பாவாடை போயிற்று என்று நானும் அழத் தயாரானேன்.

“இன்னா தம்பி? மாட்டுப் பால் இல்லியே அது?” என்றார் அப்பா.

“பால்ல ஒண்ணும் இல்ல அங்கிள். இதுல வைட்டமின் டி மூணு சேத்திருக்காங்க. அத பெரும்பாலும் ஆட்டு ரோமத்துல இருக்கற எண்ணெய்ப் பசையிலருந்துதான் எடுப்பாங்க. பாசியிலருந்து எடுக்கறதும் இருக்குது. எதுன்னு இதுல எழுதல.”

“ஜெபம் பண்ணியாச்சே!” என்றார் பெரியப்பா.

“ஜெபம் பண்ணா ரோமம் போய்டுமா? நீ சும்மா இருண்ணே,” என்ற அப்பாவின் முகத்தில் கோபத்தைக் காணோம். “ரோமமா? நாங்க எடுக்கறோமே, அந்த ரோமமா? மெட்ராஸ் பணக்காரன் குடிக்கற பால்லயா?” தினமும் வாசலில் சோப்போடு மறிக்கும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா அந்த நிமிஷமே தாலியை எடுத்துக் கொடுத்திருப்பார். அந்த மனிதர் சொல்லவில்லை. “உயிரோட இருக்கற ஆட்டுக்கு வெட்டற ரோமமா இருக்கும் அங்கிள். உங்களோடதுதான்னு என்னால சொல்ல முடியாது.”

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. “ஒரு சொட்டு ரோம எண்ணெய் ஆகாது. தோலுல சோறு துன்ற வீட்ல பொண்ணு மட்டும் ஆகுமா?”

“இது எனக்கு நானே போட்டுக்கிட்ட கட்டுப்பாடு அங்கிள். அவங்க படிச்சதுக்கும் நீங்க பட்ட பாட்டுக்கும் நான் மூஞ்ச சுளிக்க மாட்டேன்,” என்றவர், “கொஞ்சம் தண்ணி குடுங்க, குடிக்கறேன்” என்றார்.

அம்மா பதற்றத்தில் கேன் தண்ணீரை விட்டுவிட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தத் தண்ணீரை நாங்கள் பாத்திரம் கழுவத்தான் வைத்திருந்தோம். அப்பா நிறம் பார்த்தே கண்டுபிடித்தார்.

“வச்சிடு தம்பி, அது போர் தண்ணி. பாலாத்தோரம் போட்ட போரு. அதுல எங்க டேனரி கழிவு எவ்ளோ இருக்குதுன்னு எந்த டப்பாவுலயும் எழுதியிருக்காது.” கேலியாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை தம்ளரைப் பார்த்தார். அடுக்களை வாசலைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார். முகம் கோணிக்கொண்டது.

“உப்பு கொஞ்சம் ஜாஸ்தி அங்கிள்.”

“குடிச்சாச்சு! குடிச்சாச்சு!” என்று பெரியப்பா கத்தினார். வீடே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆறிப்போன சோயா டீயை எடுத்து மகனுக்கும் சேர்த்துக் குடித்தார்.

கல்யாணம் நடந்தது. எனக்குக் கிடைத்தது பருத்திப் பாவாடை. எல்லாப் போட்டோவிலும் உம்மென்று இருக்கிறேன்.

பெண் கேட்டு வந்த அன்றைக்கு அப்பா மட்டும் சிரிக்கவில்லை. காலித் தம்ளரை மாப்பிள்ளை கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் குழாயைத் திறந்து, அதே தம்ளரில் அதே தண்ணீரைப் பிடித்து, முழுக்கக் குடித்துவிட்டு, குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலேயே கேன் தண்ணீர் இருந்தது. அப்பாவுக்கு ரொம்பத் தாகம் போல என்று நினைத்துக்கொண்டு நான் சிரிக்கிறவர்களிடம் ஓடிவிட்டேன்.